தனுசில் பிறந்து மிதுனத்தில் சேர்ந்தவள்

தேன்மொழி பேஸ்பால் ஆட்டத்தை ஒரு முறைகூட நேரில் பார்த்தது கிடையாது. நானும் பார்த்ததில்லை. ஆனால் அந்த ஆட்டம் ஆடுகிற அமெரிக்காக்காரர்களில் யார் எந்த ராசி என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். திருப்பதியில், அலிபிரிக்குப் போகிற ரோட்டில், ஒரு பாத்திரக் கடையின் மாடியில் இருந்த கம்ப்யூட்டர் ஆபீசில் அவளுக்கு அதுதான் வேலை. நான் யசோதா, நகரிக்காரி. அவளுக்குப் பக்கத்து நாற்காலி. அந்த நாற்காலியில் உட்கார்ந்து பார்த்ததையும் கேட்டதையும் எழுதுகிறேன். கொஞ்சம் கோபத்தோடுதான் எழுதுவேன், அதற்காக யாரும் வருத்தப்பட வேண்டாம்.

இன்றைக்கு அவள் எங்கே இருக்கிறாள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சத்தியவேடு பக்கம் வயல்களை வாங்கி எழுப்பிய தொழிற்சாலைகளில் ஒன்றில், ஆள் சேர்க்கிற பிரிவில் இருக்கிறாள். வேலை கேட்டு வருகிற பிள்ளைகளின் சர்டிபிகேட்டுகளைச் சரிபார்ப்பது அவள் பொறுப்பு. மேஜைக்கு எதிரே நிற்கிற பிள்ளையிடம் பிறந்த தேதி என்ன என்று வாயால் கேட்பதே இல்லையாம். காகிதத்தில் இருப்பதை அப்படியே ஏற்றிக்கொள்வாளாம்.

அந்த மாடி ஆபீசின் முதலாளி கிஷோர், புத்தூர் பக்கம் தமிழ் விவசாயக் குடும்பம். அமெரிக்காவில் சில வருஷம் வேலை பார்த்து, அங்கே கம்ப்யூட்டர் வேலைகள் படுத்துப்போனபோது திரும்பி வந்தவர். வரும்போது ஒரு விளையாட்டு இணையதளத்தின் வேலையைக் கையோடு பிடித்துக்கொண்டு வந்தார். அந்த ஊர் ஆட்களுக்கு ஒரு பொழுதுபோக்கு உண்டு. நிஜ ஆட்டக்காரர்களில் பிடித்தவர்களைப் பொறுக்கி, கற்பனையாக ஒரு அணி கட்டிக்கொள்வார்கள். மைதானத்தில் அந்த ஆட்டக்காரர் அன்றைக்கு நன்றாக ஆடினால் இவர்களுடைய கற்பனை அணிக்கு மார்க்கு ஏறும். இணையதளக்காரர்கள் அதில் ஒரு புது வேடிக்கையைச் சேர்த்தார்கள். எல்லா ஆட்டக்காரர்களையும் பிறந்த தேதியை வைத்துப் பன்னிரண்டு ராசி அணிகளாகப் பிரிப்பது. சீசன் முழுக்க மார்க்கு போடுவது. கடைசியில், அந்த வருஷத்து விருதுகள் எந்த ராசிக்காரர்களுக்குப் போயின, மார்க்கில் எந்த ராசி முன்னால் வந்தது என்று ஒப்பிட்டு எழுதுவது. பட்டப்படிப்பு படித்தவர்கள் செய்கிற வேலையா இது என்று கிஷோரிடம் கேட்டேன்.

"அவங்க காசு, அவங்க பொழுது. நமக்கு இன்னா யசோதா" என்றார்.

முதல் வாரம் ஆட்டக்காரர்களின் பெயரும் பிறந்த தேதியும் வந்து சேர்ந்தன. தேன்மொழி அதைப் பார்த்துவிட்டு கிஷோரின் மேஜைக்குப் போனாள்.

"சார், பொறந்த நேரம் இல்ல. பாதிப் பேருக்கு ஊரும் இல்ல. நேரம் இல்லாம ராசி எப்படிப் போடறது?"

கிஷோர் சிரித்தார். "நீ இன்னாம்மா, அவனுங்களுக்குப் பொண்ணா பாக்கப் போறே? அங்க சந்திரன் எங்க இருந்துதுன்னு பாக்க மாட்டாங்க. சூரியன்தான். தேதி தெரிஞ்சா போதும்."

"அப்போ ஒரே மாசத்துல பொறந்த அத்தினி பேரும் ஒரே ராசியா?"

"கிட்டத்தட்ட அவ்ளோதான்."

"அப்போ எங்க ஊரு ஸ்கூல்ல படிச்சவங்க எல்லாரும் மிதுனம்" என்றாள் தேன்மொழி.

ஆபீசே சிரித்தது. ஏனென்றால் எங்கள் எல்லாருக்கும் அதே கதைதான். எங்கள் பக்கத்துக் கிராமங்களில் பிள்ளை பிறந்தால் எந்த ஆபீசிலும் போய்ப் பதிய மாட்டார்கள். பிள்ளைக்கு ஐந்து வயது ஆனமாதிரி தெரிந்தால் ஸ்கூல் திறக்கிற ஜூன் மாசத்தில் கையைப் பிடித்துக் கொண்டுபோய் விடுவார்கள். வாத்தியார் பிள்ளையை ஒரு பார்வை பார்ப்பார். அன்றைய தேதியிலிருந்து ஐந்து வருஷத்தைக் கழித்துப் பிறந்த தேதி என்று எழுதிவிடுவார். அதுதான் பத்தாம் வகுப்பு சர்டிபிகேட்டுக்கும், அங்கிருந்து பாஸ்போர்ட்டுக்கும் போகும். வீட்டில் ஒரு தேதி, ஸ்கூலில் ஒரு தேதி. இதை யாரும் பொய் என்று நினைத்ததில்லை. வீட்டில் கூப்பிடுகிற பெயர் ஒன்று, ஸ்கூல் பெயர் ஒன்று என்று பிள்ளைகளுக்கு இருப்பதில்லையா, அதுபோலத்தான்.

தேன்மொழியின் ஸ்கூல் தேதி ஜூன் பத்து. வீட்டுத் தேதி அப்படி இல்லை. அவளுடைய அம்மா பொன்னியம்மா, சத்தியவேடு பக்கத்தில் நிலம் இல்லாத குடும்பம், கூலிக்குப் போய் வாழ்ந்தவர். எழுபத்தேழில் ஆந்திரக் கரையில் திவிசீமைப் புயல் அடித்ததற்கு அடுத்த வருஷம், நிறைமாதக் கர்ப்பிணியாகத் திருச்சானூருக்குப் பஞ்சமி தீர்த்தத்துக்கு வந்தார். கார்த்திகை உற்சவத்தின் கடைசி நாள், கோயில் தாயாருக்குக் குளத்தில் தீர்த்தவாரி நடக்கும். அந்த நேரம் முங்கி எழ ஊரெல்லாம் அங்கே திரளும். போகாதே என்று வீட்டில் எல்லாரும் சொல்லியும் வேண்டுதல் என்று கிளம்பி வந்திருக்கிறார். முங்கி எழுந்த ஈரத்தோடு வலி எடுத்து, பக்கத்து மண்டபத்திலேயே தேன்மொழி பிறந்தாள். முன்பின் தெரியாத பெண்கள் புடவைகளைப் பிடித்து மறைவு கட்டி நின்றார்களாம். அந்த வருஷம் அது டிசம்பர் முதல் வாரத்தில் வந்தது, அமெரிக்காக் கணக்கில் தனுசு.

"மனசுக்கு நான் தனுசு, சர்க்காருக்கு மிதுனம்" என்பாள். சிரித்துக்கொண்டேதான் சொல்வாள்.

அவளுக்குக் கல்யாணமாகி இருந்தது. புருஷன் பாலசுந்தரம் திருச்சானூரில் ஒரு லாட்ஜின் மெஸ்ஸில் சமையல் வேலை பார்த்தவர். நல்ல கை. சாம்பாரில் அவர் போடுகிற முருங்கைக்காயைக்கூட எண்ணி வைத்துச் சாப்பிடுவார்கள் என்று தேன்மொழி பெருமையடிப்பாள். தரிசனத்துக்கு வந்த ஒரு நியூஜெர்சி ஹோட்டல்காரர் அந்தச் சாப்பாட்டைச் சாப்பிட்டுவிட்டு, ஆளையே கூட்டிக்கொண்டு போய்விட்டார். கொஞ்ச மாசத்துக்குத்தான் விசா. விசா முடிந்தது, பாலசுந்தரம் திரும்பவில்லை. திரும்பினால் மறுபடி போக முடியாது. அதனால் அங்கேயே அடுப்படிக்குள் தங்கிவிட்டார். ரெண்டு வருஷம் ஓட்டிவிட்டு வந்துவிடுகிறேன் என்று போனில் சொல்வார். அது மூன்றாகப் போய்க்கொண்டிருந்தது.

திருச்சானூரில் ஒரு அறை எடுத்து அம்மாவோடு இருந்தாள் தேன்மொழி. காலையில் ஷேர் ஆட்டோவில் நெருக்கியடித்துக்கொண்டு வருவாள், சாயங்காலம் அதேபோல் போவாள். வீட்டில் போன் இல்லாததால் பாலசுந்தரம் ஆபீசுக்குத்தான் கூப்பிடுவார். அந்தப் போன் ஒரு கிழட்டுப் போன். காதில் வைத்தவருக்குக் கேட்பது பக்கத்து நாற்காலிக்கும் கேட்கும். அதனால் அவர்கள் குடும்பம் நடத்தியது பாதி எனக்கு முன்னால்தான்.

ஒரு விஷயத்தில் மட்டும் அந்த மனுஷனை நான் மெச்சியிருக்கிறேன். வருஷா வருஷம் பஞ்சமி தீர்த்தத்தன்று தவறாமல் போன் வரும். ஹோட்டல் சுவரில் திருப்பதியிலிருந்து போன தேவஸ்தானம் காலண்டர் மாட்டியிருக்கும், அதில் நாள் பார்த்து வைத்திருப்பார். "இன்னிக்கு உனக்கு ஊரே குளிச்சிக்கினு கீதே" என்று ஆரம்பிப்பார். அதைக் கேட்டு இவள் சிரிக்கிற சிரிப்பு வேறு நாளில் வராது. கல்யாணமான முதல் வருஷம், அந்தக் கூட்டத்தில் ஒரு சொம்புத் தண்ணீரை மொண்டுவந்து அவள் தலையில் ஊற்றியவர் அவர். அவளுடைய நிஜப் பிறந்தநாளை நாள் பார்த்து நினைவு வைத்திருந்தவர்கள் உலகத்தில் இரண்டு பேர்தான், பெற்ற அம்மாவும் இவரும்.

வேலையில் தேன்மொழி கெட்டிக்காரி. மார்க்கு போடுவதை நாங்கள் எல்லாரும் செய்தோம். விருதையும் ராசியையும் ஒப்பிட்டு எழுதுவதை அவள் மட்டும்தான் செய்தாள். முதல் வருஷம் மேஷத்துக்காரன் ஒருவனுக்குச் சிறந்த ஆட்டக்காரர் விருது கிடைத்தது. ஆனால் மேஷம் அணி பன்னிரண்டாவது இடம். மற்ற மேஷத்துக்காரர்கள் எல்லாரும் காலையும் கையையும் உடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். "வீட்ல ஒருத்தன் கலெக்டர் ஆனா குடும்பமே கலெக்டர் ஆகாது" என்று எழுதினாள். கிஷோர் அதை நல்ல இங்கிலீஷாக்கி அனுப்பினார். அங்கே படித்தவர்களுக்கு ரொம்பப் பிடித்துப்போனது.

இரண்டாவது வருஷம் சிம்மம் முதலிடம். காரணம் ஹசிந்தோ என்ற ஒரே ஒரு பந்து வீச்சாளன். ஏதோ ஒரு தீவு நாட்டிலிருந்து வந்தவன், அவன் ஊரிலும் கரும்புதான் பயிராம். அந்த வருஷத்துச் சிறந்த பந்து வீச்சாளர் விருதும் அவனுக்கே. அவன் விருது வாங்குகிற படத்தை தேன்மொழி கம்ப்யூட்டர் திரையில் போட்டு வைத்திருந்தாள். பக்கத்தில் அவன் அம்மா, புதுச் செருப்பு கடிக்கிற மாதிரி ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நிற்கிறாள். "இந்தம்மா எங்கம்மா மாதிரியே நிக்குது பாரு" என்பாள். அவனுக்குப் போடுகிற மார்க்கை இரண்டு தரம் சரிபார்ப்பாள்.

அந்த ஒப்பீட்டுக் கட்டுரை வெளியான கையோடு, கிஷோர் அவளைக் கூப்பிட்டார். அடுத்த சீசன் தொடங்குவதற்கு முன்னால் ஒரு ஆள் நியூயார்க்குக்கு வந்து சில மாசம் வேலை பழக வேண்டும் என்று இணையதளக்காரர்கள் கேட்டிருந்தார்கள். அழைப்புக் கடிதம் அவர்களே தருவார்கள், விசாவுக்கு அதுதான் முக்கியம்.

"நீதான் போவணும். அவங்களே உன் பேரத்தான் சொன்னாங்க" என்றார் கிஷோர்.

தேன்மொழி அன்றைக்கு மதியம் சாப்பாட்டைத் தொடவில்லை. நியூயார்க்கிலிருந்து ஆறு தாண்டினால் நியூஜெர்சி, ஒரு பஸ் தூரம்தான் என்று கிஷோர் சொல்லியிருந்தார்.

"துன்னுடி மொதல்ல" என்றேன்.

"யசோதா, எனக்கு அமெரிக்கா பாக்கணும்னு எல்லாம் ஒண்ணுமில்ல. அவரை நேர்ல பாத்து ஒரே கேள்வி கேக்கணும். வரியா, வரலியா. போன்ல கேட்டா வரேன்னுதான் சொல்றாரு. மூஞ்சப் பாத்தா எனக்குத் தெரிஞ்சிடும். இல்லன்னு தெரிஞ்சாக்கூடப் பரவால்ல, தெரிஞ்சிடும் இல்ல?"

இதுதான் அவள் கேட்டது. பெரிய ஆசை என்று யாராலும் சொல்ல முடியாது.

அந்த வருஷம் பஞ்சமி தீர்த்தத்தன்று போன் வரவில்லை. தேன்மொழி அன்றைக்கு மதியத்துக்கு மேல் குளத்துக்குப் போவதாகச் சொல்லியிருந்தாள், போகாமல் போனுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். நாலு நாள் கழித்துக் கூப்பிட்டார். ஹோட்டலில் ஆள் இல்லை, வேலை ஜாஸ்தி, நாள் தப்பிவிட்டது என்றார். அவள் நியூயார்க் விஷயத்தைச் சொன்னாள்.

"உனக்கு எதுக்கு இந்த வேலை? இங்க குளுரு தாங்க மாட்ட" என்றார்.

போனை வைத்துவிட்டு தேன்மொழி என்னிடம், "குளுரப் பத்திக் கவலப்படறாரு" என்றாள். இவள் அங்கே வருவது அவருக்குப் பிடிக்கவில்லை என்று எனக்குச் சுருக்கென்றது. அதைச் சொல்லியிருந்தால் மட்டும் அவள் நம்பியிருக்கப் போகிறாளா?

தை பிறந்த பிறகு அமெரிக்காவிலிருந்து ஒரு செய்தி வந்தது. நியூயார்க்கில் விமானங்கள் மோதி இரட்டைக் கட்டடங்கள் விழுந்த பிறகு விசாவுக்குக் கெடுபிடி அதிகமாகி, வெளிநாட்டு ஆட்டக்காரர்களின் காகிதங்களை ஊர்வரை போய்த் தோண்டிப் பார்த்தார்கள். அதில் ஹசிந்தோ மாட்டிக்கொண்டான். காகிதத்தில் ஆகஸ்டில் பிறந்ததாக இருந்தவன், உண்மையில் அதற்கு இரண்டு வருஷம் முன்னால் ஜனவரியில் பிறந்தவனாம். ஆள் தேடி வந்த ஏஜெண்ட் வயதைக் குறைத்துக் காட்டியிருக்கிறான். அப்படியானால் அவன் சிம்மம் இல்லை, மகரம். ராசி விளையாட்டு விளையாடுகிறவர்கள் கொதித்துப்போனார்கள். சிம்மத்துக்குப் போட்ட மார்க்கை எல்லாம் பிடுங்க வேண்டும், அந்த விருது எந்த ராசிக் கணக்கில் சேரும், அவன் ஒரு திருடன் என்று இணையதளத்தில் திட்டிக் குவித்தார்கள். இணையதளக்காரர்கள் இதை வைத்து நக்கலாக ஒரு கட்டுரை வேண்டும் என்று கிஷோரிடம் கேட்டார்கள். கிஷோர் தேன்மொழியிடம் கொடுத்தார்.

அவளுக்கு நக்கல் வரவில்லை. அவள் எழுதியது கிட்டத்தட்ட இதுதான்: எங்கள் ஊரில் எல்லாருக்கும் இரண்டு பிறந்தநாள். ஒன்று அம்மா கொடுத்தது, ஒன்று வாத்தியார் கொடுத்தது. நான் அம்மா கணக்கில் தனுசு, சர்டிபிகேட்டில் மிதுனம். இதுவரை யாரும் என்னைத் திருடி என்று சொன்னதில்லை. ஹசிந்தோவுக்குத் தேதி எழுதியவன் யாரோ, பந்து போட்ட கை அவனுடையது. அவனை இரண்டு ராசியிலும் வைத்துக்கொண்டு மார்க்கைப் பாதிப் பாதி கொடுங்கள்.

கிஷோர் படித்துவிட்டு மேஜையைத் தட்டிச் சிரித்தார். எல்லாரையும் கூப்பிட்டு உரக்கப் படித்தும் காட்டினார். "பாகுந்தி", நன்றாக இருக்கிறது என்று தெலுங்குப் பிள்ளைகள் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். அந்த அறையில் இருந்த ஒருத்தருக்காவது இதில் ஆபத்து இருக்கிறது என்று தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. எங்கள் எல்லாருடைய சர்டிபிகேட்டும் வாத்தியார் எழுதியதுதான். எங்களுக்கு அது நடக்கப் பழகிய நாளிலிருந்து தெரிந்த விஷயம். வெயில் அடிக்கிறது என்று எழுதினால் யாராவது பயப்படுவார்களா?

கட்டுரை அவள் பெயரோடும் போட்டோவோடும் வந்தது. நல்லவிதமாகவே நிறையப் பேர் எழுதினார்கள். அந்த வாரக் கடைசியில் கிஷோர் போனில் ரொம்ப நேரம் இங்கிலீஷில் பேசினார். பேசிவிட்டு வந்து தேன்மொழியின் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றார்.

"ஏம்மா, அத எழுதாம இருந்திருக்கலாம்."

"எத சார்?"

"உன் தேதி. அவங்க வக்கீலு படிச்சிட்டாரு. பாஸ்போர்ட்டுல இருக்கறது உண்மையான தேதி இல்லன்னு ஊரறிய சொன்ன ஆளுக்கு அழைப்புக் கடிதம் குடுக்க முடியாதாம். குடுத்தா அவங்க மாட்டிக்குவாங்களாம்."

"நீங்கதானே சார் படிச்சிட்டு அனுப்புனீங்க?"

"எனக்கும் தோணல."

"மாத்த முடியாதா சார்? நான் உண்மையான தேதியே போட்டுக்கறேன்."

"கோர்ட்டுக்குப் போவணும். அதுக்குப் பொறந்ததுக்கு ஆதாரம் கேப்பாங்க. உனக்கு இன்னா ஆதாரம் இருக்குது?"

சீசனுக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது. கடைசியில் கிஷோரே போவதாக முடிவானது. கிஷோருடைய தேதி ஜூலை ஒன்று. அதையும் புத்தூர் பக்கத்து வாத்தியார் ஒருவர்தான் எழுதினார். கிஷோர் அதைக் கட்டுரையில் எழுதவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். எனக்கு இன்றுவரை அமெரிக்கா வக்கீல் மேல் கோபம் இல்லை, அவருக்கு நம்மைத் தெரியாது. கிஷோர் மேல் இருக்கிறது. ஒரு தரமாவது அந்தப் போனில், எங்க எல்லாருக்கும் இப்படித்தான் சார், எனக்கும் இப்படித்தான் என்று அவர் சொல்லியிருக்கலாம்.

அன்றைக்கு நான் அவளோடு திருச்சானூர் வரை போனேன். பொன்னியம்மா அரிசி களைந்துகொண்டிருந்தார். தேன்மொழி செய்தியைச் சொன்னாள். அம்மாவுக்கு முதலில் புரியவே இல்லை. இரண்டு முறை சொன்ன பிறகு, களைந்த தண்ணீரைக் கொட்டாமல் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"நான் பெத்த நாளு தப்புன்றாங்களா?"

"அது தப்பில்லம்மா. அதுதான் சரி. காகிதத்துல கீறது தப்பு."

"அப்போ சரியான நாள நான் வந்து சொல்றேன். அத்தினி பொம்பளைங்க பொடவையப் புடிச்சிக்கினு நின்னாங்க. அத்தினி பேரும் பாத்தாங்க."

"அவங்க யாரு, எந்த ஊருன்னு உனுக்குத் தெரியுமாம்மா?"

பொன்னியம்மா யோசித்தார். நிஜமாகவே யோசித்தார், அதுதான் எனக்குத் தாங்கவில்லை. "ஒருத்தி காளஹஸ்தின்னு சொன்னா" என்றார். பிறகு அரிசித் தண்ணீரைக் கொண்டுபோய்க் கொட்டினார்.

ஹசிந்தோவுக்கு என்ன ஆனது என்றும் சொல்ல வேண்டும். அபராதம் போட்டார்கள், சில வாரம் உட்கார வைத்தார்கள். அதன் பிறகு சரியான தேதியோடு புது விசா கொடுத்து ஆட விட்டார்கள். விருதை யாரும் பிடுங்கவில்லை. அவனை மகரத்துக்கு மாற்றச் சொல்லி எங்களுக்கு உத்தரவு வந்தது, தேன்மொழிதான் மாற்றினாள். அவன் கையில் பந்து இருந்தது, அதனால் அவனுக்கு இரண்டாவது தேதி கிடைத்தது. இவளிடம் என்ன இருந்தது? அவன் படத்தைத் திரையிலிருந்து எடுத்துவிட்டாள். ஏன் எடுத்தாய் என்று கேட்டேன், கண் கூசுகிறது என்றாள்.

சீசன் தொடங்கியது. கிஷோர் நியூயார்க்கில் இருந்தார். வெயில் ஏறி, அலிபிரி ரோட்டில் தார் இளகியது. பாலசுந்தரத்திடமிருந்து போன் குறைந்துகொண்டே வந்தது. சித்திரையில் ஒரு தரம், வைகாசி பிறந்த கையோடு ஒரு தரம். தேன்மொழி வேலையில் குறை வைக்கவில்லை. பேச்சு மட்டும் நின்றுவிட்டது. முன்பு ஒவ்வொரு ராசிக்கும் ஒரு கேலி வைத்திருப்பாள். இப்போது மார்க்கைப் போடுவாள், அடுத்ததுக்குப் போவாள். பக்கத்து நாற்காலியில் உட்கார எனக்கே பாரமாக இருந்தது.

ஜூன் மாசத்தில் ஒரு காலை. மிதுனம் அணியின் முந்தின நாள் மார்க்குகளை ஏற்றிக்கொண்டிருந்தாள். போன் அடித்தது, நான்தான் எடுத்தேன். பாலசுந்தரம். அங்கே அது நடுராத்திரி தாண்டிய நேரமாக இருக்க வேண்டும். தேன்மொழியிடம் கொடுத்தேன்.

"இன்னா மாமா, இந்நேரத்துல? ஒடம்பு நல்லாத்தானே கீது?"

"அதெல்லாம் நல்லாத்தான் கீது. இன்னிக்கு உன் பொறந்தநாளு இல்ல? அதான், ஹேப்பி பர்த்டே சொல்லலாம்னு."

தேன்மொழி சுவரில் இருந்த காலண்டரைத் திரும்பிப் பார்த்தாள். நானும் பார்த்தேன். ஜூன் பத்து.

"தேன்மொழி, லைன்ல கீறியா?"

"கீறேன். எந்தப் பொறந்தநாளு மாமா?"

"ஜூன் பத்துதானே?"

"அது சர்டிபிகேட்டு தேதி. உனக்கு என் பொறந்தநாளு கார்த்திகைல வரும். ஜூன் பத்த நீ எங்க பாத்த?"

அந்தப் பக்கம் பாத்திரம் உருளுகிற சத்தம் கேட்டது.

"நம்ம கல்யாண சர்டிபிகேட்டப் பாத்து ஒரு ஃபாரம் எழுதிக்கினு இருந்தேன். கண்ணுல பட்டுச்சி."

"இன்னா ஃபாரம்?"

"வக்கீலு குடுத்தாரு. எனக்குப் பேப்பருங்க சரி ஆவணும்னா இங்க வேற வழி இல்லன்றாங்க. இந்த ஊரு சிட்டிசன் பொண்ணு ஒருத்தியக் கட்டிக்கணுமாம். பேருக்குத்தான், தேன்மொழி. காகிதத்துக்கு மட்டும்தான். அதுக்கு மொதல்ல நம்ம கல்யாணத்த... உன் கையெழுத்து வேணும். அதச் சொல்லத்தான் எடுத்தேன். எப்படி ஆரம்பிக்கறதுன்னு தெரியல. தேதிய பாத்தேன், சரி, பர்த்டேன்னு..."

அவர் முடிக்கவில்லை. தேன்மொழி அழவில்லை. நான் அவள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். நியூயார்க்குக்குப் போய், ஆறு தாண்டி, ஒரு பஸ் ஏறி அவள் கேட்க நினைத்த கேள்விக்குப் பதில் வந்துவிட்டது. முகத்தைப் பார்க்க வேண்டிய தேவை அவளுக்கு இருக்கவில்லை.

"போன கார்த்திகைல நாலு நாளு கழிச்சிக் கூப்ட்டியே, அப்பவே முடிவு பண்ணிட்டியா மாமா?"

தேன்மொழி காத்திருந்தாள். அவள் கை மேஜை மேல் கிடந்த பென்சிலை அந்தப் பக்கம் இந்தப் பக்கம் உருட்டிக்கொண்டிருந்தது.

"சரி. அனுப்பு, போட்டுத் தரேன்" என்றாள். "ஆனா ஃபாரம்ல பேரு, தேதி எல்லாம் சர்டிபிகேட்டுல கீற மாதிரியே எழுது மாமா. ஜூன் பத்துதான் எழுதணும். கார்த்திகை அது இதுன்னு உனக்குத் தெரிஞ்சத எல்லாம் எழுதிடாத. அங்க அதெல்லாம் ரொம்பப் பாப்பாங்க, தள்ளிடுவாங்க."

போனை வைத்தாள். என் பக்கம் திரும்பாமல் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, மிதுனத்தில் விட்ட இடத்திலிருந்து மார்க்கு ஏற்ற ஆரம்பித்தாள்.